மூணு எண்ணும் வரைக்கும்தான் சாவி

அவர் முன்னால் “அதுவாத்தான் இருக்கும்” என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, “பார்த்தீங்களா?” என்பார். பார்க்கவில்லை என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. வண்டி விஷயத்தில் மட்டும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட, வேன் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஆமாம் போடுவார். எனக்கு ஆரம்பத்தில் இது பெரிய எரிச்சலாக இருந்தது.

நாங்கள் அவரை டிரைவரம்மா என்று கூப்பிட்டோம். பிள்ளைகளுக்கு அவர் வேன் அக்கா. சேலையூர் பக்கம், சர்ச்சைச் சேர்ந்த சிலர் கமிட்டி போட்டு நடத்திவந்த சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் நேரப் பள்ளி அது. மொத்தம் பதினான்கு பிள்ளைகள், ஒரு பழைய டீசல் வேன். நான் ஆபீஸ் கிளார்க். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தவன். வீடு செம்பாக்கத்தில், வேன் போகிற வழியிலேயே. அதனால் காலையிலும் மாலையிலும் கதவோரத்து ஒற்றை சீட் எனக்கு. மூன்று வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் அவரைப் பார்த்தேன்.

அவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். சேலையை இழுத்துச் செருகி, மேலே காக்கிச் சட்டை. கிளட்சை மிதிப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். “காலுக்கும் தெரியணும் இல்ல சார், வண்டி இன்னா சொல்லுதுன்னு.” ஊர் அகரம்தென் பக்கம். எங்கள் வேனுக்கு வருவதற்கு முன்னால் நாவலூர் ஐ.டி. கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டியவர். எலெக்ட்ரிக் வேலை எல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், “வண்டி நின்ன எடத்துல எல்லாம்” என்பார். அதற்கு மேல் அவர் கதை எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

அவருடைய கைப்பையில் டிபன் பாக்ஸ், சீப்பு, உப்புத்தாள் ஒரு துண்டு, கரண்ட் பார்க்கிற மல்டிமீட்டர், டார்ச்சுக்குப் போடுகிற செல் ஒன்று இவ்வளவும் இருக்கும். டார்ச் இருக்காது, செல் மட்டும்தான். அது எதற்கு என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கு நாற்காலிகள் வாங்க வேனில் போயிருந்தோம். திரும்புகிற வழியில், பழைய ரேடியோவும் சார்ஜரும் கொட்டிக் கிடந்த ஒரு கடை முன்னால் நின்றுவிட்டார். பழைய மீட்டர் கெட்டுப்போய்விட்டது, வேறு வேண்டுமாம்.

“நல்ல மீட்டர்க்கா, ஃபாரின் மால்” என்றான் கடைக்காரன்.

அவர் கைப்பையிலிருந்து செல்லை எடுத்து, அதில் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்றரை வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று காட்டியது. “இது பொய் சொல்லுது” என்று கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நாலாவது மீட்டர் ஒன்றரை காட்டியது. அதற்குள் கடைக்காரன் முகம் தொங்கிப்போயிருந்தது. நாற்காலிகளைக் காவல் காத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்த எனக்கும் முகம் ஒன்றும் மலர்ந்து இல்லை.

ஒரு தடவை பள்ளியில் இசை சொல்லிக் கொடுக்கிற டீச்சரின் செல்போன் காணாமல் போனது. எல்லோர் கண்ணும் ஆயாம்மா மேல் போனது. அந்த அம்மாள்தானே அறையைப் பெருக்கியது. யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் ஆயாம்மா டீ கொண்டுவந்தால் பேச்சு நின்றது. டிரைவரம்மா மட்டும் நடு ஹாலில் நின்றுகொண்டு, “யாராவது பார்த்தீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று டீச்சரே தலையாட்டினார். “அப்ப அவங்கள அப்படிப் பார்க்காதீங்க” என்றார். போன் மூன்று நாள் கழித்து ஆர்மோனியப் பெட்டிக்குள்ளேயே கிடைத்தது. ஆயாம்மா அதற்குப் பிறகு வேனில் அவர் சீட்டைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைத்து வைத்தாள்.

அவருடைய வேலைத்திறனை நான் நேரில் பார்த்தது என் காரில். என்னுடையது ஒரு பழைய வெள்ளைக் கார். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை மாதிரி, கூப்பிட்டால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. புது பேட்டரி மாட்டினேன். இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் ‘டக்’. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

“இன்னா சார், பேட்டரிய மாத்திட்டு அப்புறமா என்னாண்ட சொல்றீங்க. யாரு சொன்னா பேட்டரின்னு?”

“எதிர் வீட்டுக்காரர்.”

“அவரு பார்த்தாரா?”

“மாடியிலிருந்து பார்த்தார்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பட்டப்பகலில் காம்பவுண்டு சுவரில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை.

“பேட்டரி செத்திருந்தா லைட்டு அழுதிருக்கும் சார். பாவம், பழைய பேட்டரி மேல பழியப் போட்டு அனுப்பிட்டீங்க.”

அப்போதும், எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மேல்தான் தப்பு என்று சொல்லவில்லை. சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் வரைக்கும் கரண்ட் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தார். வந்தது. பிறகு எஞ்சினுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். “வந்த கரண்ட் திரும்பிப் போவ வழி கீதான்னு பார்க்கணும். அத யாரும் பார்க்கறதில்ல.” வழியும் இருந்தது. ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஸ்டார்ட்டரை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி திருப்பச் சொன்னார். கார் கிளம்பியது. நான் சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். அவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“தட்டுனா எழுந்துக்கறான். அப்ப தூங்கறது இவன்தான். இப்ப சொல்றேன் சார், ஸ்டார்ட்டர்தான்.”

மறுநாள் மாலை புது ஸ்டார்ட்டரோடு வந்தார். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினார். காருக்கு அடியில் படுத்து, வயர்களைக் கழற்றி, இரண்டு போல்ட்டையும் எடுத்து, பழைய ஸ்டார்ட்டரை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். அதைப் பிரித்து என் முன்னால் வைத்தார். உள்ளே, சுழலும் பாகத்தை உரசிக்கொண்டு இருக்க வேண்டிய கரித்துண்டுகள் தேய்ந்து சுண்டு விரல் நகம் அளவுக்கு இருந்தன. “பார்த்துட்டீங்களா? இப்ப தூக்கிப் போடலாம்” என்றார். எந்தப் பழைய சாமானையும் அதன் குற்றத்தைக் கண்ணால் காட்டாமல் அவர் வெளியே அனுப்பியதில்லை.

இனி வேனுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்த வேனில் சாவி போடுவது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அவர் சாவியைத் திருப்பிக்கொண்டே சத்தமாக எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. கிளம்பவில்லை என்றால் கையை எடுத்துவிடுவார். வெளியே தக்காளி வண்டிக்காரனை வேடிக்கை பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். “ஸ்டார்ட்டரும் மூச்சு வாங்கணும் சார். புடிச்சுகினே இருந்தா எரிஞ்சுடும்.” அப்புறம் மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. நாளடைவில் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருகிற ரூபிக்குப் பதினான்கு வயது. வகுப்பில் மணிகளையும் கட்டைகளையும் வைத்து எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எண்ணாத பெண், வேனில் எல்லோரையும்விடச் சத்தமாக எண்ணினாள்.

அந்த வருஷம் மே மாதம், வண்டி ஓடத் தகுதி என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தருகிற எஃப்.சி.க்கு வேனைக் கொண்டுபோனோம். எஃப்.சி. என்றால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரேக் பிடிக்கிறதோ இல்லையோ, வண்டி கல்யாண மாப்பிள்ளையாக மாற வேண்டும். மேலே மஞ்சள், அடியில் வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம், சேஸிஸ், முழுக்கக் கறுப்பு பெயிண்ட். வயர், கேபிள் எல்லாம் கழற்றி ஒதுக்கிவைத்து, இண்டு இடுக்கு விடாமல் அடிப்பார்கள். வேன் பளபளவென்று பாஸாகி வந்தது. ஜூன், ஜூலை எல்லாம் நன்றாகத்தான் ஓடியது.

மழை ஆரம்பித்த பிறகு தகராறும் ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் தூக்கத்தில் முனகுகிற மாதிரி மெதுவாகச் சுற்றும். டிரைவரம்மா தன் அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவில் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கமிட்டிப் பொருளாளர் வேனை ஒரு மெக்கானிக்கிடம் விட்டார். லைட் நன்றாக எரிகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியானால் ஸ்டார்ட்டர்தான் என்று மெக்கானிக் ஒரே பார்வையில் சொல்லி, பழையதைக் கழற்றிப்போட்டு, ரிப்பேர் செய்து வைத்திருந்த வேறொன்றை மாட்டிவிட்டார்.

டிரைவரம்மா திரும்பிவந்து கேட்ட முதல் கேள்வி, “பழசு எங்க?” பழசை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். இவர் போய் மல்லுக்கு நின்று, அதை ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து பின் சீட்டுக்கு அடியில் வைத்தார். பொருளாளர் தலையில் அடித்துக்கொண்டார். “ஸ்கிராப்பை எதுக்கும்மா கட்டிக்கிட்டு அழறீங்க?”

“இது போச்சுன்னு நான் பார்க்கல சார்.”

வயர்களைக் கழற்றி மாட்டிய அசைவிலோ என்னவோ, வேன் பத்து நாள் ஒழுங்காக இருந்தது. அதனால் அவரும் மேலே நோண்டவில்லை. பதினோராவது நாள் கேம்ப் ரோடு சிக்னலில், ஒன்பது பிள்ளைகளோடு நின்றுவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. முனகல்கூட இல்லை. பின்னால் பஸ்காரர்கள் ஹாரனை அழுத்த, காதைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் அலற, நானும் இரண்டு ஆட்டோக்காரர்களும் வேனைத் தள்ளி ஓரம் கட்டினோம். எஞ்சின் பக்கத்திலிருந்து கருகல் வாசனை வந்தது.

மெக்கானிக் வந்து மோந்து பார்த்தார். “சாவியப் புடிச்சுகினே இருந்தா எந்த ஸ்டார்ட்டர் சார் தாங்கும்?” என்றார். பொருளாளருக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் என்னைக் கூப்பிட்டு மெமோ டைப் பண்ணச் சொன்னார். ‘தாங்கள் சாவியை ரொம்ப நேரம் பிடித்திருந்ததால் இரண்டு ஸ்டார்ட்டர்கள் எரிந்துள்ளன. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையை விட்டு நீக்கப்படுவீர்கள். அதுவரை வாகனத்தைத் தொடக் கூடாது.’ ‘ரொம்ப நேரம்’ என்பது கொச்சையாக இருக்கிறதே என்று, ‘தேவைக்கு அதிகமான நேரம்’ என்று திருத்தியது நான்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம், தினம் இரண்டு வேளை, அவர் மூணுக்கு மேல் எண்ணி நான் கேட்டதில்லை. ஆனாலும் டைப் அடித்தேன். எனக்கும் வருஷா வருஷம் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பொருளாளர்தான். பயம், வேறு ஒன்றும் இல்லை.

டிரைவரம்மா மெமோவை நின்றுகொண்டே படித்தார். அவருடைய மகள் பொத்தேரியில் ரூம் எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. பொருளாளர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் இந்த டிரைவர் வேலையைத் தருவதாகப் பேசிவிட்டார் என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“இத யாரு பார்த்தா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

“மெக்கானிக் சொன்னாராம்” என்றேன், டைப் அடித்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே.

அவர் மெமோவை நாலாக மடித்து டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஒரு மணி நேரம் வண்டியத் தொடறதுக்கு எழுதிக் கேளுங்க. அவங்க எல்லாரும் கூட நிக்கட்டும். அவங்க கண்ணு முன்னாடியே பார்க்கறேன்.”

கமிட்டித் தலைவி ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நாங்கள் பெரிய மேடம் என்போம். அவர் சம்மதித்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சிக்னலிலிருந்து இழுத்துவந்து நிறுத்தியிருந்த வேனைச் சுற்றி, மெக்கானிக் உட்பட எல்லோரும் பள்ளி முற்றத்தில் நின்றோம். வேன் இல்லாததால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகள் வகுப்பு ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரூபியை அவள் அம்மா ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார். வேன் வராத நாட்களில்கூட ரூபி காலையில் பையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றுவிடுகிறாளாம்.

டிரைவரம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். சாவியைத் திருப்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னலிலிருந்து குரல்கள் வந்தன. “ஒண்ணு… ரெண்டு… மூணு.” இன்றைக்கு வேன் முனகவாவது செய்தது. மூணோடு அவர் கையை எடுத்துவிட்டார். ஜன்னலிலும் சத்தம் நின்றது.

“என்ன எண்ணுறாங்க?” என்று பெரிய மேடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பொருளாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

ரூபியின் அம்மாதான் சொன்னார். “தெனம் வண்டி ஸ்டார்ட் பண்றப்ப எண்ணுவாங்க மேடம். ரூபிக்கு மூணு வரைக்கும்தான் தெரியும். வேன்ல கத்துக்கிட்டதுதான். நாலுன்னு நான் சொல்லிக் குடுத்தா, இல்லேன்னு சண்டைக்கு வர்றா.”

பெரிய மேடம் கையில் இருந்த மெமோ நகலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

டிரைவரம்மா இதையெல்லாம் காதில் வாங்காதவர் மாதிரி இறங்கிவந்து பேட்டரியில் மீட்டரை வைத்துக் காட்டினார். அது நன்றாக இருந்தது. மறுபடி ஒரு தடவை சாவியைத் திருப்பி விட்டுவிட்டு, பொருளாளரைக் கூப்பிட்டார். ஆக்ஸிலேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கம்பி கேபிளைக் காட்டி, “தொட்டுப் பாருங்க சார்” என்றார். தொட்ட வேகத்தில் பொருளாளர் கையை உதறினார்.

“சுடுதா? இதுல கரண்டுக்கு இன்னா வேலை? ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் திரும்பி பேட்டரிக்கு வரணும். அதுக்குன்னு எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல தடிசா ஒரு எர்த் வயரு கீது. மெயின் ரோட அடைச்சா வண்டியெல்லாம் சந்துல பூந்து வரும்ல, அந்த மாதிரி கரண்ட்டு இந்த கேபிள்ல பூந்து வருது. இது தாங்காது. அன்னிக்கு சிக்னல்ல கருகின வாசனை இந்த கேபிளோட பிளாஸ்டிக்கும்தான்.”

பிறகு ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு நுனியை பேட்டரி மைனஸிலும் மறு நுனியை எஞ்சினிலும் கவ்வவிட்டார். ஏறி உட்கார்ந்தார். “ஒண்ணு” என்றன ஜன்னல் குரல்கள். ரெண்டுக்கே வேன் உறுமிக் கிளம்பியது. ஆயாம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிறுத்தி, கேபிளை எடுத்துவிட்டுத் திருப்பினார். முனகல். மறுபடி மாட்டினார். கிளம்பியது. மெக்கானிக் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

அவர் அதோடு நிறுத்தியிருந்தாலே போதும். ஜெயித்தாயிற்று.

அவர் நிறுத்தவில்லை. வேனுக்கு அடியில் போய், அந்த எர்த் வயரின் சேஸிஸ் பக்கத்து போல்ட்டைக் கழற்றி, வயரின் நுனியை விலக்கிக் காட்டினார். இரும்பு தெரிய வேண்டிய இடத்தில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். அதைச் சுற்றி மழைத்தண்ணீர் பட்ட துரு.

“எஃப்.சி.க்கு அடிச்ச பெயிண்ட்டு. இதுக்கு மேலயே வயர மாட்டிகீது. போல்ட்டு மரை வழியா கொஞ்ச நாள் கரண்ட்டு போச்சு. மழைல துரு ஏறினதும் அதுவும் நின்னுடுச்சு.”

“பார்த்தீங்களா மேடம், அந்த பெயிண்ட்டர் பண்ண வேலை” என்றார் பொருளாளர். அவருக்கும் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. அந்தப் பெயிண்ட்டர் அங்கே இல்லை, திரும்பி வரப்போவதும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக அவன் தலையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

டிரைவரம்மா கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“பெயிண்ட்டர் இல்ல சார். பெயிண்ட்ட அடிக்கறது அவன் வேலை, அடிச்சான். வயர மாட்னது நான். மறுநாள் காலைல எஃப்.சி.ன்னு அவசரம். அடியில சொரண்டிட்டு மாட்டணும்னு எனக்குத் தெரியும். சொரண்டல. என் கை தப்புதான் அது.”

யாரும் பார்க்காத ஒரு விஷயம். அவராகச் சொல்லியிராவிட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஊரில் எல்லோரையும் பார்த்தீங்களா பார்த்தீங்களா என்று கேட்கிற மனுஷி, தன்னையும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு பதிலோடு நின்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, ஏதோ நானே செய்த காரியம் மாதிரி.

பொருளாளருக்கு மட்டும் முகம் தெளிந்தது. “அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்ப மெமோ கரெக்ட்தானே மேடம்? நீங்க ஃபைல் பண்ணிடுங்க சார்” என்று என் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “மெமோ கரெக்ட் இல்லை சார். எர்த் வயரைப் பத்தி மெமோவில் ஒரு வார்த்தை இல்லை. சாவியை அதிக நேரம் பிடித்தார் என்று இருக்கிறது. அது பொய். மூன்று வருஷமாக நான் அந்த வேனில் வருகிறேன். பொய் என்று தெரிந்தேதான் டைப் அடித்தேன். அந்தத் தப்பு என்னுடையது.”

பெரிய மேடம் மெமோ நகலை என்னிடம் நீட்டினார். “நீங்க சொன்னதை இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவங்க சொன்னதையும் அவங்க எழுதட்டும். ரெண்டும் ஃபைல்ல இருக்கணும்.” பிறகு டிரைவரம்மாவைப் பார்த்தார். “அந்த வயரைச் சுரண்டிட்டு மாட்டுங்கம்மா. சாயங்காலம் பிள்ளைங்க வேன்லதான் வீட்டுக்குப் போகணும்.” அவ்வளவுதான் தீர்ப்பு. புது டிரைவர் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

டிரைவரம்மா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போய்விட்டார். பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, வயரை மாட்டினார். மெக்கானிக் மாட்டியிருந்த ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தால், உள்ளே தொடு முனைகள் பாதி கருகிப் போயிருந்தன. போதிய கரண்ட் கிடைக்காமல் திணறித் திணறியே கருகியிருக்கிறது. “இது இனிமே ரொம்ப நாள் தாங்காது. ஆனா இவன் மேல தப்பு இல்ல” என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகவே கொடுத்தார்.

பிறகு பின் சீட்டுக்கு அடியிலிருந்து அந்த அரிசிச் சாக்கை இழுத்தார். ஸ்கிராப் என்று சொன்ன பழைய ஸ்டார்ட்டர். அதைத் தரையில் வைத்து ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேபிளால் பேட்டரியோடு தொட்டார். ‘விர்ர்’ என்று சுற்றியது. பிரித்தும் பார்த்தார். உள்ளே கரித்துண்டுகள் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தன. துடைத்து, அதையே பழைய இடத்தில் மாட்டினார். போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் அது உட்காருகிற இடத்தையும் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தார். மறுபடி அந்தத் தப்பு நடக்காது.

சாயங்காலம் நாலு மணிக்கு என் வழக்கமான சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஆயாம்மா பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தாள். டிரைவரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு அசட்டு எதிர்பார்ப்பு இருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு டைப் அடிக்கசொல்லோவே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லியிருக்கலாம்மா.”

“மத்தவங்க பார்க்காம பேசினாங்க. நீங்க பார்த்தவரு.”

நான் கதவை இழுத்துச் சாத்தினேன். “கதவ நல்லா சாத்துங்க சார்” என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒண்ணு என்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் ஏமாந்துபோய் எண்ணுவதை நிறுத்தினார்கள். ரூபி மட்டும் விடாமல் மூணு வரைக்கும் சொல்லி முடித்தாள்.